பாடி முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: காருக்குள் மின்னணுவியல் வந்த கதை

சென்னையிலிருந்து பூந்தமல்லி செல்லும் டிரங்க் ரோட்டில், மாங்காடு, குன்றத்தூர்ச் சாலை வந்து சேரும் இடம் குமணன்சாவடி. இப்பகுதியின் சாலையோரப் பட்டறைகளில் இரு வகை மெக்கானிக்குகளைக் காணலாம். ஒருவர் ஓடும் எஞ்சினருகே காதைக் கொடுத்துக் கேட்பார், ஸ்குரூ டிரைவரால் ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்புவார், மீண்டும் கேட்பார். மற்றவர் ஸ்டியரிங்கின் கீழே ஒரு சிறு கருவியைச் செருகி, அதன் திரையில் தோன்றும் எண்களை வாசிப்பார். இருவர் செய்வதும் ஒரே வேலைதான். நோய் என்னவென்று அறிவது. முன்னவர் நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் என்றால், பின்னவர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் படிக்கும் டாக்டர் எனலாம்.

இந்த மாற்றம் ஏன் ஏற்பட்டது? பாட்டுப் பெட்டி, தானே ஏறி இறங்கும் கண்ணாடி போன்ற வசதிகளுக்காகவே காரில் மின்னணுக் கருவிகள் புகுந்தன என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. காரின் எஞ்சினை மின்னணுக் கருவிகள் கைப்பற்றியதற்கு முதற்காரணம் புகை. நாம் மூச்சாக இழுக்கும் காற்றைப் பற்றிய கவலைதான் சிலிக்கான் சில்லைக் காரின் பானெட்டுக்குள் கொண்டுவந்தது. அந்த வரலாற்றில் நம் ஊர்ப் பக்கத்துக்கும் பங்கு உண்டு. குமணன்சாவடிக்கு வடகிழக்கே பாடி, மேற்கே இருங்காட்டுக்கோட்டை. இவ்விரு தொழிற்சாலை ஊர்களையும் இரு மைல்கற்களாகக் கொண்டு இக்கதையைக் காண்போம்.

பாடியில் ஒரு தொடக்கம்

1961ஆம் ஆண்டில், டி.வி. சுந்தரம் அய்யங்கார் அன் சன்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் கூட்டாக லூகாஸ் டி.வி.எஸ். என்னும் தொழிலகத்தை நிறுவின. பாடியில் அமைந்த அத்தொழிற்சாலையின் பெயரே இன்றும் அங்குள்ள பேருந்து நிறுத்தத்தின் பெயராக வழங்குகிறது. மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் முதலியவை அங்கே தயாராயின. அதே 1961இல்தான் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்திலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வெளிவந்தது. சாலையில் அம்பாசடரும் பியட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

அந்நாளைய கார்களில் மின்சாரம் இருந்தது. ஆனால் மின்னணுவியல் இல்லை. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கம்பி, சுருள், காந்தம், சுவிட்ச் ஆகியவற்றைக் கொண்டு மின்னோட்டத்தைப் பயன்படுத்துவது மின்பொறியியல். டையோடு, டிரான்சிஸ்டர் போன்ற குறைகடத்திகளால் அந்த ஓட்டத்தை நுட்பமாக ஆள்வது மின்னணுவியல்.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டாகும் விதத்தைப் பாருங்கள். பேட்டரி தருவது 12 வோல்ட்டு. பிளக்கின் முனைகளுக்கிடையே பொறி பறக்கவேண்டுமானால் 20,000 வோல்ட்டு அளவில் வேண்டும். இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று வெட்டினால், ஃபாரடே 1831இல் கண்ட மின்தூண்டல் விதிப்படி, துணைச் சுருளில் அந்த உயர் மின்னழுத்தம் தோன்றும். வெட்டும் வேலையைச் செய்தது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த ‘பாயிண்ட்’. இரு உலோகக் குமிழ்கள், அவற்றுக்கிடையே சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி, அவ்வளவுதான். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது அந்தப் பாயிண்ட் நொடிக்கு 100 தடவை திறந்து மூடவேண்டும்.

இவ்வாறு திறந்து மூடும்போதெல்லாம் அதன் முனைகளில் சிறிது கருகும். தேயத் தேய இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் பொறி பறக்கும் நேரமும் மாறும். எனவேதான் அன்றைய ஓட்டுநர்கள் உப்புத்தாளும் ஃபீலர் கேஜும் கையில் வைத்திருந்தார்கள். எஞ்சின் வேகத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டியே பறக்கவிடவும் ஓர் ஏற்பாடு இருந்தது. சுருள்வில்லில் கட்டிய இரண்டு சிறு எடைகள் மையவிலக்கு விசையால் விரிந்து, பாயிண்டைத் திறக்கும் நேரத்தை மாற்றின. இரும்பால் செய்த ஒரு கணிப்பொறி என்றே அதைச் சொல்லலாம்.

முதலில் வந்தவை டையோடுகள்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. ஆனால் அது காரின் எஞ்சினை எட்ட நெடுங்காலமாயிற்று. எஞ்சினருகே வெப்பம், அதிர்வு, எண்ணெய், நீர் எல்லாம் உண்டு. வரவேற்பறை வானொலியில் சொகுசாக இருந்த பொருளுக்கு அது கொடிய இடம்.

அங்கு முதலில் தாக்குப்பிடித்தவை சிலிக்கான் டையோடுகள். பழைய டைனமோ, வண்டி மெதுவாகப் போகும்போது போதிய மின்சாரம் தராது. போக்குவரத்து நெரிசலில் விளக்கு மங்கும், பேட்டரி இறங்கும். மாறுமின்னோட்டம் தரும் ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்திலும் நன்கு வேலை செய்யும். ஆனால் பேட்டரிக்கு வேண்டியது நேர்மின்னோட்டம். மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகள் ஆறினைச் சேர்த்துக் கட்டினால் இச்சிக்கல் தீரும். 1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் இவ்வாறு ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. பின்னர் உலகெங்கும் டைனமோ மெல்ல விடைபெற்றது. பாடியிலும் ஆல்டர்னேட்டர் தயாரிப்பு தொடங்கியது.

அடுத்துப் போனது பாயிண்ட். மின்னோட்டத்தை வெட்டும் வேலையை டிரான்சிஸ்டரிடம் ஒப்படைத்தால் தேய்வுமில்லை, கருகலுமில்லை. கிரைஸ்லர் 1971இல் இதனை அறிமுகம் செய்து, 1973ஆம் ஆண்டு மாடல்களில் பரவலாக்கியது. ஆயினும் இதுவரை மின்னணுவியல் வேலைக்காரனாகத்தான் இருந்தது, எஜமானன் ஆகவில்லை. அதை எஜமானன் ஆக்கியது ஈயத்தின் கதை.

ஈயம் செய்த தீங்கு

சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியாளர், கையால் சுழற்றித் தொடங்கும் தொல்லையை ஒழித்தவர். அவருடைய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் இடம்பெற்றது. அவர் காலத்து எஞ்சின்களுக்கு ஒரு நோய் இருந்தது. பெட்ரோல்–காற்றுக் கலவை ஒழுங்காக எரியாமல் படீரென்று வெடித்து, சுத்தியலால் அடிப்பதுபோல் ஓசை எழுப்பும். ‘நாக் அடிக்கிறது’ என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். கெட்டரிங்கின் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் இதற்கு மருந்து கண்டார். டெட்ரா எதில் ஈயம் என்னும் சேர்மத்தைப் பெட்ரோலில் சிறிது கலந்தால் நாக் நின்றது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு உலகத்தின் கார்கள் ஈயப் பெட்ரோலில் ஓடின.

ஈயம் எரிந்து மறைவதில்லை. புகையோடு வெளியேறித் தூசியில் படிந்தது. மூச்சிலும் உணவிலும் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குலைக்கும் நஞ்சு அது. புகையில் வேறு நச்சுகளும் உண்டு. அரைகுறையாக எரிந்ததால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன்கள், மிகு வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை.

1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டம் இயற்றியது. கார்ப் புகையின் நச்சுகளைச் சில ஆண்டுகளுக்குள் 90 விழுக்காடு குறைக்கவேண்டும் என்றது அச்சட்டம். பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற வினையூக்கி மாற்றியைப் புகைக்குழாயில் வைத்தால் நச்சுகள் தீங்கு குறைந்த பொருள்களாக மாறும். 1975ஆம் ஆண்டு மாடல்களில் அது வந்தது. ஆனால் ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலற்றதாக்கிவிடும். ஆகவே வினையூக்கி வந்த இடத்தில் ஈயம் போயே ஆகவேண்டியதாயிற்று.

14.7 என்னும் எண்

மூன்று நச்சுகளையும் ஒரே வினையூக்கியில் மாற்றுவதற்கு மற்றொரு கடுமையான நிபந்தனை உண்டு. ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று கலக்கவேண்டும். காற்று மிகுந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் மாறா. பெட்ரோல் மிகுந்தால் மற்ற இரண்டும் மாறா. நூற்றில் ஓரிரு பங்குக்குமேல் பிசகக்கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்குத் தேவையான காற்று ஏறத்தாழ 9,000 லிட்டர்! இவ்வளவு காற்றோடு இவ்வளவு பெட்ரோலை இந்தத் துல்லியத்தில் கலப்பது யார்?

கார்ப்புரேட்டரால் அது முடியாது. ஏன் என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம். கார்ப்புரேட்டரின் குறுகிய கழுத்தில் விரையும் காற்று அழுத்தம் குறைந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. மார்கழி விடியலில் 20 டிகிரி வெப்பத்தில் சரியாக டியூன் செய்த கார், சித்திரை நண்பகலில் 40 டிகிரியில் ஓடுகிறது என்போம். வெப்பத்தால் காற்றின் அடர்த்தி சுமார் 6 விழுக்காடு குறையும். ஆனால் உறிஞ்சப்படும் பெட்ரோல் அடர்த்தியின் இருமடி மூலத்தைப் பொறுத்தே மாறுவதால், அது 3 விழுக்காடுதான் குறையும். விளைவு: கலவையில் பெட்ரோல் 3 விழுக்காடு மிகுந்துவிடும். பருவநிலை மாற்றம் ஒன்றே நிபந்தனையை மீறப் போதுமானது. மேடு, பள்ளம், நெரிசல், பழைய எஞ்சின் எல்லாம் அதற்கு மேல்.

எனவே அளந்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் ஓர் ஏற்பாடு வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967இலேயே மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பை வோக்ஸ்வாகன் காரில் புகுத்தியிருந்தது. அதற்குக் கண் கொடுத்தது 1976இல் வந்த லாம்டா உணரி. புகைக்குழாயில் திருகப்படும் இது சிர்க்கோனியா என்னும் பீங்கான் பொருளால் ஆனது. 300 டிகிரிக்கு மேல் சூடேறியதும் ஆக்சிஜன் அயனிகளைத் தன்னூடே செல்லவிடும். உள்ளே புகை, வெளியே காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜனின் வேறுபாட்டால் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை நெருங்கும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். ஸ்வீடன் நாட்டு வோல்வோ கார்கள் இவ்வுணரியுடன் கலிஃபோர்னியாவில் முதலில் விற்பனையாயின.

உணரி கண் என்றால் மூளை எது? அதுவும் அந்த ஆண்டுகளிலேயே வந்தது. பொறி பறக்கும் நேரத்தை நுண்செயலி கணக்கிடும் முறையை ஜெனரல் மோட்டார்ஸ் 1977ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோ காரில் வைத்தது. பொறியையும் பெட்ரோலையும் ஒரே கணிப்பொறி ஆளும் பாஷின் மோட்ரானிக் அமைப்பு 1979இல் பி.எம்.டபிள்யூ. காரில் வந்தது. பாயிண்டும் எடைகளும் கார்ப்புரேட்டரும் செய்த வேலைகள் அனைத்தும் ஓர் அலுமினியப் பெட்டிக்குள் அடங்கின.

நம் நாட்டுக்கு வந்த விதம்

1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தபோது அதில் கார்ப்புரேட்டர்தான் இருந்தது. பெட்ரோல் வண்டிகளின் புகைக்கு நாடு தழுவிய வரம்புகள் 1991இல் விதிக்கப்பட்டன. இதற்கிடையே டெல்லியின் காற்று மாசு குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றத்தில் நடந்துவந்தது. 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. அவற்றுக்காக ஈயமில்லாப் பெட்ரோலும் அந்நகரங்களில் கிடைக்கலாயிற்று.

இங்கே ஒரு சிக்கல். மாநகர எல்லையைத் தாண்டி வெகுதூரம் போனால் ஈயப் பெட்ரோல்தான். ஒருமுறை தவறி நிரப்பிக்கொண்டாலும் வினையூக்கிக்குக் கேடு. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்த பிறகே இத்தொல்லை தீர்ந்தது.

1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஹூண்டாய் சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. சிறிய காராயினும் அதில் கார்ப்புரேட்டர் இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர். அவற்றை ஆள ஒரு கணிப்பொறி. ‘எம்.பி.எஃப்.ஐ.’ என்ற எழுத்துகள் அந்நாளில் விளம்பரங்களில் பெரிதாக அச்சாயின. அடுத்த ஆண்டு, 1999 ஏப்ரலில், தலைநகர்ப் பகுதியில் பதிவாகும் கார்கள் அவ்வாண்டு ஜூன் முதல் யூரோ 1 தரத்தையும் 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 தரத்தையும் எட்டவேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நாடெங்கும் 2000 ஏப்ரலில் யூரோ 1க்கு நிகரான விதிகள் வந்தன. 2001இல் சென்னையும் இரண்டாம் நிலைக்கு உயர்ந்தது. கார்ப்புரேட்டரின் காலம் புதிய கார்களில் முடிந்தது. பின்னர் 2010, 2017 ஆகிய ஆண்டுகளில் விதிகள் மேலும் இறுகி, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் 6ஆம் நிலை நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவில் 1960 முதல் 1980 வரை படிப்படியாக நடந்த மாற்றம் நம் சாலைகளில் 1995க்கும் 2001க்கும் இடையே நடந்து முடிந்தது. ஆறே ஆண்டுகள்! மெக்கானிக் ஒருவர் கற்ற தொழில் அவர் கண்ணெதிரே மாறியது.

காருக்குள் இயற்பியல் பாடம்

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இன்றைய காரின் உணரிகள் பலவும் பாடப்புத்தகத்தின் பழைய விதிகளே. கிராங்க் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்வது ஃபாரடேயின் மின்தூண்டல். அல்லது 1879இல் எட்வின் ஹால் கண்ட ஹால் விளைவு. நாக் அடிப்பதை உணர்வது, கியூரி சகோதரர்கள் 1880இல் கண்ட அழுத்த மின்விளைவு. எஞ்சின் வெப்பத்தைச் சொல்வது, சூடேறினால் மின்தடை குறையும் தெர்மிஸ்டர்.

கணக்கின் வேகத்தையும் நினைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால், கிராங்க் ஷாஃப்ட் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் ஒரு நொடியில் 18,000இல் ஒரு பங்கு. பொறி பறக்கும் நேரத்தை ஒரு டிகிரிக்குள் சரியாக வைக்க இந்த அளவு நுட்பம் வேண்டும்.

உயிர் காக்கும் வேலையும் இதே திறனால்தான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடும் ஏ.பி.எஸ். அமைப்பு 1978இல் மெர்சிடிஸ் காரில் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயம். மோதலின்போது காற்றுப்பை விரிய ஆகும் நேரம் ஒரு நொடியில் 30இல் ஒரு பங்கு அளவே. கண்ணிமைப் பொழுதிலும் குறைவு. காற்றுப்பையை எப்போது விரிப்பது என்று முடிவு செய்வது, முடுக்கத்தை அளக்கும் ஒரு சிறு சில்லு.

உணரிகள் பெருகப் பெருகக் கம்பிகளும் பெருகின. அவற்றைக் குறைக்க, இரண்டே கம்பிகளில் எல்லாக் கருவிகளும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் ‘கான்’ என்னும் முறையை பாஷ் 1986இல் வெளியிட்டது. குமணன்சாவடி மெக்கானிக்கின் ஸ்கேனர் ஒட்டுக்கேட்பது இந்த உரையாடலைத்தான்.

பெற்றதும் இழந்ததும்

காற்றிலிருந்து ஈயம் போயிற்று. ஒரு காரின் நச்சுப்புகை பழைய காரோடு ஒப்பிட மிகவும் குறைந்தது. ஆனால் கார்களின் எண்ணிக்கை பெருகியதையும், வெளியேறும் கரியமில வாயுவை வினையூக்கி தடுப்பதில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

இழந்ததும் உண்டு. 2015 டிசம்பரில் பெருமழையும், நமக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டதும் அடையாற்றுக் கரைகளை மூழ்கடித்தபோது கார்களும் நீரில் நின்றன. நீர் புகுந்த பழைய அம்பாசடரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துணியால் துடைத்து, எண்ணெயை மாற்றிக் கிளப்ப வழியுண்டு. மின்னணுக் காரிலோ, பேட்டரி இணைந்திருக்கையில் சேற்றுநீர் புகுந்தால் மின்பகுப்பு நடந்து, பெட்டியின் செப்புப் பாதைகள் அரித்துப்போகும். கழுவித் துடைத்தால் தீராத நோய் அது.

2021இல் உலகமே வேறொரு பாடம் கற்றது. கொரோனாக் காலத்தில் கார் நிறுவனங்கள் சில்லுகளுக்கான ஆர்டர்களைக் குறைத்தன. வீட்டுக் கருவிகளுக்கான தேவை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அவ்வாண்டு மார்ச்சில் ஜப்பானிலுள்ள நாகா சில்லுத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. உலகெங்கும், நம் நாட்டிலும், கார் உற்பத்தி தடைப்பட்டது. இரும்பும் டயரும் கண்ணாடியும் ஆயத்தமாயிருக்க, நகக்கண் அளவு சில்லுக்காகக் கார்கள் காத்து நின்றன.

இனி நம் பட்டறைக்குத் திரும்புவோம். ஒரு காரில் ‘காற்று மிகுதி’ என்று ஸ்கேனர் எண் காட்டுகிறது. எண்ணை மட்டும் வாசிப்பவர் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு லாம்டா உணரியை மாற்றச் சொல்வார். மாற்றிய பின்னும் அதே எண் வரும். காதைக் கொடுத்துக் கேட்கத் தெரிந்தவரோ ‘உஸ்’ என்ற மெல்லிய ஓசையைப் பிடிப்பார். உள்ளிழுக்கும் ரப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு. அதன் வழியே கணக்கில் வராத காற்று புகுந்துகொண்டிருக்கும். உணரி பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னது. அதன் பொருளை உணர, எஞ்சினை அறிந்த ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

பழைய மெக்கானிக்கிடம் காது இருக்கிறது. இளைஞரிடம் ஸ்கேனர் இருக்கிறது. ஓம் விதியையும் ஃபாரடே விதியையும் தேர்வுக்காக மட்டும் படித்து மறந்துவிடாத மாணவர், இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக முடியும். பாடிக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் நடுவே வாழும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டறை மிகவும் தொலைவில் இல்லை.